மேல்துரு

இரணியல்
13 ஆகஸ்ட் 1954

தாசு,

நீ உயிரோடிருக்கிறாய் என்று ரப்பர் தோட்டத்து மரியஜான் வந்து சொன்ன பிறகுதான் நேற்று ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். இப்போது திட்டலாம். முந்தாநாள் காலையில், தொடுவெட்டியில் ஊர்வலம், போலீஸ் குவிந்து கிடக்கிறது, இன்றைக்குச் சந்தைக்கு மீன் போகவேண்டாம் என்று வண்டிக்கு முன்னால் நின்று மறித்தேன். "நான் என்ன ஊர்வலத்துக்கா போவுதேன், மீனு கொண்டுட்டுல்லா போவுதேன்" என்று என்னை ஒதுக்கிவிட்டுப் போனாய். இந்தப் பக்கமெல்லாம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற ஆசை ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. ஆனால் என்னிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. உன் அத்தான் பட்டாள ஏலத்தில் எடுத்துத் தன் கையாலேயே நீலம் அடித்த வண்டி. அவர் போன பிறகு எனக்குச் சோறு போடுவது அது. உனக்கு வேலை கொடுப்பதும் அது.

இங்கே நடப்பதைக் கேள். நேற்று மத்தியானம் ஏட்டு வந்தார்.

"ஒங்க வண்டி எங்கெ?"

"இஞ்சின் பழுது. நாகர்கோயிலுக்குப் போயிருக்கு."

"எந்தப் பட்டறை?"

"தம்பிக்குத்தான் தெரியும்."

காலியாகக் கிடந்த வண்டிப்புரையை எட்டிப் பார்த்தார். தரையில் இருந்த எண்ணெய்க் கறையைக் காலால் தேய்த்தார். "தம்பி வந்தா வரச்சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு இத்தனை நடுக்கம் வந்திருக்காது.

அன்று தொடுவெட்டியில் போலீஸ் சுட்ட இடத்துக்கு ஒரு நீல வேன் கல் ஏற்றி வந்ததாம், அடிபட்டவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தப்பியதாம். அப்படித்தான் ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கிறார்களாம். நீ கல் ஏற்றுகிறவன் இல்லை, அது எனக்குத் தெரியும். மற்றது உண்மையா?

அடுத்த வளவு பொன்னுலிங்கத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வாழைக்குலை வியாபாரியின் வேனை ஓட்டுகிறாரே, அவர்தான். அந்த வேனும் நீலம்.

ஆகையால் சொல்வதைச் செய். வண்டியைச் சாம்பல் நிறமாக்கு. ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விற்றுவிடு. நீயும் அங்கேயே இரு. பெயிண்ட் டப்பாவை மரவள்ளிக்கிழங்குக்கு அடியில் வைத்து மரியஜானிடம் கொடுத்திருக்கிறேன். தபாலில் எழுதாதே. அவரிடமே கொடுத்தனுப்பு.

ராகேல்


குலசேகரம்
16 ஆகஸ்ட் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

மற்றது உண்மைதான்.

சந்தைக்குள் நுழைய முடியாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டது. முதலில் யாருடைய டயரோ போய்விட்டது என்று நினைத்தேன். அதற்குள் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவரைத் தூக்கிவந்து, பின்கதவைத் திறந்து, மீன் கடவப் பெட்டிகளுக்கு நடுவே கிடத்தினார்கள். "அண்ணா, போ! போ!" என்று வண்டித் தகரத்தில் அறைந்தார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கால் மிதித்துவிட்டது.

அவருக்குத் தொடையில் குண்டு. வழியெல்லாம் "தண்ணி, தண்ணி" என்றார். என்னிடம் இல்லை. ஆற்றூர்ப் பக்கம் ஒரு வைத்தியர் வீட்டில் இறக்கினேன். பெயர்கூடக் கேட்கவில்லை அக்கா. வண்டியைத் திருப்பி மலைப் பக்கமாக ஓட்டினேன். அவர் இருக்கிறாரோ இல்லையோ.

மரியஜான் வேலை செய்கிற தோட்டத்தில், ரப்பர் ஷீட்டைச் சூட்டில் உணக்கும் புகைப்புரைக்குப் பின்னால் வண்டி நிற்கிறது. மேலே ஓலை போட்டிருக்கிறேன். பால் வெட்ட வருகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை என்கிறார். ஆனாலும் ஒரு ரப்பர்க்காய் வெடித்து ஓலைமேல் விழுந்தால் வண்டிக்கு அடியில் புகுந்துவிடுகிறேன்.

பெயிண்ட் கிடைத்தது. ஆனால் இப்போது அடிக்க முடியாது. கோபப்படாமல் கேள். குளச்சல் கடற்கரையிலேயே கிடந்த வண்டி. இத்தனை வருஷமாக மீன்தண்ணீர் வழிந்து வழிந்து கதவின் அடிப்பாகம், சக்கரத்தின் மேல்வளைவு, உள்தரை எல்லாம் துரு. அத்தான் அடித்த நீலம் பல இடத்தில் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. பொறுமையில்லாமல் முந்தாநாள் கதவில் ஒரு இழுப்பு அடித்துப் பார்த்தேன். இன்று தொட்டால் பொருக்காகக் கையோடு வருகிறது. சாம்பலுக்கு அடியில் துருத்தூள், ஓரத்தில் நீலம். ஆரல்வாய்மொழிச் சாவடியில் ஒருவன் நகத்தால் கீறினால் போதும்.

நல்லவேளை, இது மேல்துரு. உளியால் தட்டிப் பார்த்தேன், சட்டத்துக்குள் இறங்கவில்லை. பொருக்கைச் சுரண்டி எடுக்கவேண்டும். மண்ணெண்ணெய் தடவிக் கம்பி பிரஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, வெள்ளை இரும்பு தெரிகிறவரை போகவேண்டும். ஈரமே இல்லாமல் உணக்கி, அன்றைக்கே சிவப்புப் பிரைமர் பூசவேண்டும். அதற்கு மேல்தான் சாம்பல் நிற்கும். இந்த மழையில் அது லேசில்லை. கம்பி பிரஷும் உப்புத்தாளும் பிரைமரும் அனுப்பு.

பொன்னுலிங்கத்தை விட்டுவிடுவார்கள். அவர் அந்தப் பக்கமே போகவில்லையே.

தம்பி
செல்வதாஸ்


இரணியல்
20 ஆகஸ்ட் 1954

தாசு,

விட்டுவிடுவார்களாம். நீதான் அங்கே நீதிபதியா?

நீ கேட்டதெல்லாம் இந்தப் பையில் இருக்கிறது. தக்கலையில் வாங்கினால் எதற்கென்று கேட்பார்கள் என்று நாகர்கோயில் போனேன். கடைக்காரர் அங்கேயும் கேட்டார். நம் சபைக் கோயிலின் ஜன்னல் கம்பிக்கு என்றேன். சொன்ன பிறகு புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அந்த ஜன்னலுக்கு நேரே உட்கார முடியாமல் பின்வரிசைக்குப் போனேன்.

எத்தனை நாள் சுரண்டுவாய்? துரு இருந்தால் இருக்கட்டும், அதன்மேலேயே கட்டியாக அடித்து ஓட்டிக்கொண்டு போ என்று எழுத நினைத்தேன். நீ சொன்ன நகத்தை நினைத்தால் அதுவும் பயமாக இருக்கிறது. ஏட்டு நேற்றும் வந்தார். நாகர்கோயில் பட்டறைகளில் விசாரித்துவிட்டார்களாம். "ஒங்களுக்கு ஓர்மை வந்ததா, எந்தப் பட்டறைன்னு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவரை நான் சமாளித்துவிடுவேன். என்னால் சமாளிக்க முடியாதவள் அன்னக்கிளி. பொன்னுலிங்கத்தின் பெண்சாதி தினமும் என்னிடம்தான் வருகிறாள். வளவில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால். அடுக்களைப் படியில் உட்கார்ந்துகொண்டு, "எக்கா, அவரு அன்னைக்குக் குலை ஏத்திட்டு திங்கள்சந்தைக்கில்லா போனாரு. வியாபாரிகிட்ட கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்காரு" என்கிறாள். அந்த வியாபாரிக்கும் பயம். எல்லாருக்கும் பயம்.

நான் காப்பி போட்டுக் கொடுக்கிறேன். அவள் குடிக்கிறாள். என்னை ஒரு மனு எழுதித் தரச்சொல்கிறாள். 'என் கணவர் ஓட்டும் வண்டி அங்கே போகவில்லை' என்று என் கையால் எழுதவேண்டுமாம். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டு வருகிறேன்.

சீக்கிரம் போய்விடு. நீ போய்விட்டால் எனக்கு மறைக்க ஒன்றும் இருக்காது.

ராகேல்


குலசேகரம்
24 ஆகஸ்ட் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

வெளிப்பக்கம் முடிந்துவிட்டது. காலையில் தேய்த்து வெள்ளை இரும்பாக்கிய இடம், ஒரு மழைச்சாரல் அடித்தால் சாயங்காலத்துக்குள் மறுபடி செம்மை பூத்துவிடுகிறது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். புகைப்புரைச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். வண்டியை அதை ஒட்டி நிறுத்தி, தேய்த்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் தகரம் கதகதவென்று காய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பாகமாகத் தேய்த்து, காயவைத்து, உடனே சிவப்புப் பூசுகிறேன். கை முழுக்கத் துரு. சோறு தின்றால் சோறும் துருவாக மணக்கிறது.

நேற்று உள்தரைக்கு வந்தேன். அதைப் பற்றி எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் யாரிடம் சொல்வேன்?

வந்த அன்றே கழுவிவிட்டேன். ஆனால் தகரங்கள் சேருகிற இடுக்கில், கடவம் நிற்கிற சட்டத்துக்குக் கீழே எல்லாம் இறங்கியிருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். சிவந்து கலங்கி வந்தது. துருவும் அப்படித்தான் வரும். எது துரு, எது அந்தக் குண்டடி பட்டவருடையது என்று எனக்குத் தெரியவில்லை. பிரஷை வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். மரியஜான் வந்து, "என்ன பிள்ளே, சொகமில்லியா?" என்றார். மண்ணெண்ணெய் நாற்றம் தலைக்கு ஏறிவிட்டது என்றேன். அப்புறம் அவரே உள்ளே ஏறி மிச்சத்தைத் தேய்த்தார்.

இன்னொன்று. இன்று தோட்டத்துக்கு ஒரு ஜீப் வந்தது. நான் புகைப்புரைக்குள் போய்த் தொங்குகிற ஷீட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டேன். கண் எரிந்தது. இருமல் வந்தது. சட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் தோட்டத்துத் துரையின் கணக்குப்பிள்ளைதான். ஜீப் போன பிறகும் என்னால் வெளியே வர முடியவில்லை. மரியஜான் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

மனுவை நீ எழுதாதே. வேறு யாரிடமாவது போகட்டும்.

தம்பி
செல்வதாஸ்


இரணியல்
27 ஆகஸ்ட் 1954

தாசு,

எழுதிவிட்டேன்.

அன்னக்கிளியை நேற்று ஸ்டேஷனுக்குள் விட்டார்கள். பொன்னுலிங்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக் கிடந்ததாம். இவள் கூப்பிட்டதற்கு அவர் திரும்பவில்லையாம். "நான் நிக்கேன்னே அவருக்குத் தெரியல்ல எக்கா" என்றாள். அவள் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போதே பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

'அங்கே போனது என் கணவர் ஓட்டிய வண்டி அல்ல' என்று எழுதும்போது பேனா நின்றது. பிறகு யாருடையது என்று கேட்பார்களே. அந்த வரியை அடித்துவிட்டு, 'அவர் அன்று அங்கே போகவில்லை' என்று மட்டும் எழுதினேன். அவள் பெருவிரலை வைத்தாள். செவ்வாய்க்கிழமை கொண்டு கொடுக்கவேண்டும், என்னையும் கூட வரச்சொல்கிறாள்.

நீ அதற்குள் போய்விடு. தயவுசெய்து போய்விடு.

ராகேல்


குலசேகரம்
30 ஆகஸ்ட் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டாவது கைப் பூச்சுப் பிரைமரும் காய்ந்துவிட்டது. வண்டி மூக்கிலிருந்து வால் வரை செங்கல் நிறத்தில் நிற்கிறது. ஒரு கொப்புளம் இல்லை. அத்தான் பார்த்திருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்கமாட்டார். சாம்பல் டப்பாவைத் திறந்து கலக்கி வைத்திருக்கிறேன். வெயில் நிலைத்தால் முதல் கை அடித்துவிடுவேன். அது காய்ந்ததும் பூதப்பாண்டி வழியாகப் போவதாக எண்ணம்.

நேற்றெல்லாம் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். நீ எழுதிய அந்த வீங்கிய முகத்தை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். நான் போய் நின்றால் என் முகமும் அப்படித்தானே ஆகும்? அக்கா, எனக்கு அடி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். உனக்குத் தெரியும். இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

சாம்பலை அடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். நாளைக்கு அடித்துவிடுவேன்.

தம்பி
செல்வதாஸ்


இரணியல்
31 ஆகஸ்ட் 1954

தாசு,

இதை மரியஜானிடம் கொடுத்து, எங்கேயும் நிற்காமல் கொண்டுவந்து உன் கையில் தரச்சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து படி.

இன்று அன்னக்கிளியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வெளியே நின்றுவிடுவதாகத்தான் எண்ணம். ஏட்டு என்னைக் கண்டதும், "வாங்க, வாங்க, நீங்களும் வாங்க" என்று உள்ளே கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்தார்.

"இது யாருக்க கையெழுத்து?"

"என்னுடையது."

"அவன் அங்கெ போகல்லன்னு இவ சொல்லுதா, அது சரி. பெண்சாதி அப்பிடித்தான் சொல்லுவா. எழுதின ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க கண்டியளா?"

அவள் சொன்னதை எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்ல வாய் திறந்தேன். அப்போது பின்பக்க அறையிலிருந்து பொன்னுலிங்கத்தைக் கூட்டி வந்தார்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார் தாசு. அவருக்காக மனுக் கொண்டுவந்திருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகக் கும்பிட்டார்.

"அங்கெ போனது எனக்க வண்டி" என்றேன்.

அது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்தார். நான் மேலே மேலே சொன்னேன். கல் கொண்டுபோகவில்லை, மீன் கொண்டுபோனது, தண்ணீர் கேட்டுக்கொண்டே கிடந்த குண்டடி பட்டவரைக் கொண்டுபோனது என்றெல்லாம். அன்னக்கிளி என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் என்னைவிட்டு விலகுவது மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வண்டி எங்கே என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். இடத்தைச் சொல்லவில்லை. மரியஜானின் பெயரையும் சொல்லவில்லை. தம்பி தானே கொண்டுவருவான் என்றேன். வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லி ஏட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. பொன்னுலிங்கத்தை அதுவரை விடமாட்டார்கள்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நீ ஓடிப்போனாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன். மக்கா, நிஜமாகவே சொல்லமாட்டேன். உனக்கு அடி என்றால் பயம் என்று எனக்குத் தெரியாதா? அப்பா பிரம்பை எடுத்தால் நீ என் பாவாடைக்குப் பின்னால்தானே வந்து நிற்பாய். இன்று நானே உன்னைப் பிடித்துக் கொடுத்தது போல் இருக்கிறது.

ஆனால் அவர் கும்பிட்டார் தாசு. நான் என்ன செய்வேன்?

அக்கா


குலசேகரம்
2 செப்டம்பர் 1954

அக்கா,

நேற்றெல்லாம் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் போதாது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். அந்தக் கோபத்திலேயே, முந்தாநாள் மழையால் அடிக்காமல் விட்ட சாம்பல் டப்பாவை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். பிரஷை முக்கிவிட்டேன். கதவில் வைக்கக் கை போகவில்லை.

டப்பாவை மூடி மரியஜானிடமே கொடுத்துவிட்டேன். அவர் வீட்டு ஜன்னலுக்கு ஆகும்.

நாளைக்கு இப்படியே வருகிறேன், சிவப்புப் பிரைமரோடு. நீலம் எங்கே என்று கேட்டால் துரு எடுத்தேன் என்று சொல்வேன். ஏன் எடுத்தாய் என்று கேட்டால் அதையும் சொல்லிவிடுவேன். பட்டப்பகலில், சந்தைக்கூட்டம் இருக்கும்போது தக்கலை வழியாக வருவேன். நாலு பேர் பார்த்தால் அடி கொஞ்சம் குறையும் என்று மரியஜான் சொல்கிறார். அது உண்மையோ, என் தைரியத்துக்காகச் சொன்னதோ தெரியாது.

நீ ஸ்டேஷன் வாசலில் நில்லு. உள்ளே வரவேண்டாம். வாசலில் மட்டும் நில்லு. காலையிலிருந்து மூன்று தடவை வண்டிக் கதவைத் திறந்து மூடிவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும்.

தாசு


இரணியல்
9 மார்ச் 1955

அன்புள்ள தாசுக்கு,

இந்தக் கடிதத்தை ஜெயிலுக்குத் தபாலிலேயே அனுப்புகிறேன். யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

வக்கீல் ஆள் அனுப்பியிருந்தார். மந்திரிசபை மாறிய பிறகு போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குகிறார்கள், உன்னுடையதும் அதில் வந்துவிட்டது. சனிக்கிழமை விடுவார்களாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதிலும் ஏதாவது இருக்குமோ என்று அந்த ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். பயம் என்னை இன்னும் விடவில்லை. இப்போதும் வளவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறேன். உனக்கும் அப்படித்தான் இருக்கும். இருந்தால் என்னிடம் மறைக்காதே.

நீ வண்டியில் கொண்டுபோய் இறக்கினாயே, கோர்ட்டில் உனக்காகச் சாட்சி சொன்ன அந்த முஞ்சிறைக்காரர், போன வாரம் கம்பு ஊன்றிக்கொண்டு வீடு தேடி வந்தார். நீ எப்போது வருவாய் என்று கேட்டார். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். அதை முழுக்கக் குடித்துவிட்டுப் போனார்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். ஜெயிலில் கிடக்கிறவனிடம் எதற்கு என்று இத்தனை நாள் சொல்லவில்லை. பொன்னுலிங்கம் வெளியே வந்த அன்று அன்னக்கிளி என் படி ஏறி வந்தாள். உட்காரவில்லை. "எல்லாம் தெரிஞ்சிட்டுத்தானா எக்கா எனக்குக் காப்பி போட்டுத் தந்திய?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அவள் வந்தால் முற்றத்தோடு சரி. உள்ளே வருவதில்லை.

பொன்னுலிங்கத்தை அந்த வியாபாரி வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை. நம் வண்டியைக் கோர்ட்டார் விட்டபோது, ஓட்ட ஆளில்லாமல் நானே போய் அவரைக் கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மழைக்காலம் முழுவதும் ஸ்டேஷன் முற்றத்தில் வெட்டவெளியில் கிடந்தும் உன் பூச்சு விடவில்லை. கதவின் அடியில் மட்டும் கொஞ்சம் பொங்கியிருந்தது. அதைச் சுரண்டிப் பூசிவிட்டு, "நீலமே அடிச்சிரலாமா?" என்று கேட்டார். அடித்துவிட்டோம். இப்போது அவர்தான் குளச்சலிலிருந்து மீன் கொண்டுவருகிறார்.

சனிக்கிழமை உன்னைக் கூட்டிவர நான் வரவில்லை. தானே வண்டி கொண்டுவருவதாக அவர் சொல்லிவிட்டார். உன்னிடம் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. உன்னைப் பற்றி இதுவரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். ஸ்டேஷனில் வாங்கிய அடியில் அவருக்கு இடது காது இப்போது சுத்தமாகக் கேட்காது. வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு நீ என்ன பேசினாலும் அவருக்கு எட்டாது. ஆகையால் சொல்லவேண்டியதை ஏறுவதற்கு முன்னாலேயே, அவர் முகத்துக்கு நேரே நின்று சொல்லிவிடு.

அக்கா
ராகேல்